மூட்டையில் ஏறிப்போன கடைசிக் குகை

இடுப்பில் ஒரு இலையைத் தவிர வேறொன்றும் கட்டாத ஒருவனைப் பனிக்கட்டி மேல் ஓடவிட்டுவிட்டு, நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி, தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கத்துவோம். "குதி! ஏலே, குதின்னு சொல்றேன்ல!" சில சமயம் குதிப்பான். பல சமயம் நேராகக் குழிக்குள் போய் விழுவான். கையில் கல் கோடாரி, தலையில் சீப்பே பார்க்காத முடி. எங்கள் வீட்டு டிவிக்குள் ஓடித் திரிந்த அந்தக் குகை மனிதனை நினைத்தால் இன்றைக்கும் என் இரண்டு கட்டைவிரல்களும் தானாகத் துடிக்கின்றன.

போன வாரம் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரோ பழைய வீடியோ கேம்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். திடீரென்று அவன் வந்து நின்றான். அதே இலை, அதே கோடாரி, அதே டொய்ங் டொய்ங் சத்தம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து சீட்டுக்காரம்மா சாப்பாட்டு டப்பாவைக் கீழே தவறவிட்டார். "என்னங்க, என்ன ஆச்சு?" என்றார். என்னத்தைச் சொல்வது? "எங்க ஆளுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் கடைசியாக வந்து திரும்பிப் போகிற ஊர் எங்களுடையது. உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. வீடுகளுக்கெல்லாம் இலவசக் கலர் டிவி வந்திருந்த நேரம் அது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பா ஊர்க்காரர்களின் காய்கறி மூட்டைகளை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போவார். ஒரு தடவை திரும்பி வரும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். டிவி கேம்! மஞ்சள் கலரில் ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் கார், விமானம், கராத்தே எல்லாம் இருந்தன. சுத்தப் பொய். உள்ளே உருப்படியாக ஓடியது மூன்றே மூன்று, மூன்றுமே இந்தக் குகை மனிதன்தான்.

முதல் பாகத்தில் அவனுடைய நெருப்பை ஒரு டைனோசர் தூக்கிக்கொண்டு போய்விடும். அவன் ஏழு காடு தாண்டிப் போய் மீட்டு வருவான். இரண்டாம் பாகத்தில் மறுபடியும் நெருப்பு களவு போகும், இந்தத் தடவை பறக்கிற பல்லி. மூன்றாம் பாகத்திலும் அதே கதை. "ஒரு நெருப்பப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, இவனெல்லாம் என்ன ஆம்பள" என்பாள் அம்மா. ஆனால் மூன்றாம் பாகத்தில் இரண்டு அதிசயங்கள் இருந்தன. ஒன்று, குகை மனிதர்கள் இரண்டு பேர், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். இன்னொன்று, ஒவ்வொரு குகையையும் தாண்டியதும் எட்டு இங்கிலீஷ் எழுத்து திரையில் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டால், கரண்ட் போய் எல்லாம் அழிந்தாலும், மறுநாள் அந்த எட்டையும் அடித்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தினமும் காலை பத்து மணிக்குக் கரண்ட்டை நிறுத்திப் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், அது எங்களுக்கு வரம்.

இரண்டு பேர் விளையாடலாம் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. செட்டோடு இரண்டு ரிமோட். முதல் ரிமோட்டில் எல்லாப் பட்டனும் உண்டு. இரண்டாவதில் ஆரம்பிக்கிற பட்டனே கிடையாது. முதல் ரிமோட் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அவன் பையன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், அவ்வளவுதான். திரை முதல் ஆள் பின்னால்தான் நகரும். அவன் பாட்டுக்கு முன்னால் ஓடுவான். நான் ஒரு கல்லைத் தாண்டிக்கொண்டிருப்பேன், அதற்குள் திரையின் ஓரம் என்னை இடித்துத் தள்ளிக் கொன்றுவிடும். டைனோசர் கடித்துச் செத்தால்கூடப் பரவாயில்லை. ஓரம் இடித்துச் சாவது என்ன சாவு!

"கொஞ்சம் நில்லு அண்ணே!"

"ஒனக்கு ஆடத் தெரியல. வெரசா வா."

வெளியிலும் அவன் அப்படித்தான். பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போகிற ஏற்றத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். நான் மூச்சு வாங்கி மேலே போய்ச் சேரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு போயிருக்கும்.

அந்த மே மாத லீவில் உருளைக்கிழங்கு வெட்டு. மழை வந்துகொண்டே இருந்ததால் தரம் பிரித்த கிழங்கையெல்லாம் வீட்டு முன்னறையில்தான் மூட்டை பிடித்தோம். டிவியைச் சுற்றி மூட்டை, கட்டிலைச் சுற்றி மூட்டை. என் சோலி, கோணி ஊசியால் வாயைத் தைத்து, குச்சியை நீல மையில் தொட்டு மார்க் போடுவது. மார்க் என்றால் இரண்டே எழுத்து: அப்பா பேரின் முதல் எழுத்தும் அண்ணன் பேரின் முதல் எழுத்தும். மார்க்கெட்டில் நூறு காட்டு மூட்டை ஒன்றாக வந்து இறங்கும்போது, எது யாருடையது என்று கமிஷன் கடைக்காரர் அந்த எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். மார்க் இல்லாத மூட்டை அநாதை.

ஒருநாள் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் வெள்ளனே கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டார்கள். தைக்க வேண்டிய மூட்டை நாலுதான் பாக்கி. முதல் ரிமோட் டிவி மேல் தனியாகக் கிடந்தது. நான் என்ன சாமியாரா? எடுத்தேன்.

அடேயப்பா, அன்றைக்கு என் கைக்கு என்னதான் வந்ததோ! முதல் ரிமோட்டைப் பிடித்தால் உலகமே வேறு. நான் நடந்தால் திரை நகர்கிறது, நான் நின்றால் நிற்கிறது. அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்த பனிக்குகையை நான் ஒரே ஒரு உயிரை மட்டும் விட்டுத் தாண்டினேன். அதற்கடுத்த எரிமலையையும் தாண்டினேன். திரையில் ஒரு இருண்ட குகை வாய் வந்தது. எங்கள் ஊரில் யாருமே பார்த்திராத படம், கடைசிக் குகை. அதன் கீழே எட்டு எழுத்து மின்னியது.

சுவரில் மணி பத்தாக ஐந்து நிமிடம். நோட்டு, பேனா எல்லாம் பரண் மேல் பள்ளிப் பையில். ஏறி எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டால்? கையருகே மை டப்பா இருந்தது. முன்னால் புதுச் சாக்கு, மார்க் போடாதது, வயிற்றை நிமிர்த்திக்கொண்டு நின்றது. குச்சியைத் தொட்டேன், எட்டு எழுத்தையும் கொட்டை கொட்டையாக எழுதிவிட்டேன். எழுதி ஒருமுறை சரிபார்த்தேன், இரண்டாம் முறை சரிபார்ப்பதற்குள் கரண்ட் போனது. போகட்டுமே! வீட்டுக்குள் தனியாகக் குதித்தேன். அந்தக் குதியில் நாலு மூட்டையையும் தைத்து, மற்ற மூன்றுக்கும் மார்க் போட்டேன், இதற்குப் போட மறந்தேன்.

சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"கடைசிக் குகைக்குப் போயிட்டேன்."

அண்ணன் வரப்பில் உட்கார்ந்தபடியே சிரித்தான். அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் கூலிக்குக் கிழங்கு பொறுக்க வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

"யாரு, நீயா? ஓரத்துல இடிபட்டுச் சாவுறவளா?"

"எட்டு எழுத்தும் எழுதி வச்சிருக்கேன். சாயங்காலம் வா, காட்டுறேன்."

"காட்டிட்டா பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் மொத ரிமோட் ஒனக்கு. காட்டலைனா இனிமே அந்த செட்டையே நீ தொடக் கூடாது. ரெண்டாவது ரிமோட்டும் கெடையாது. சரியா?"

"சரி" என்றேன். தூக்கைக் கழுவிக்கொண்டு இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனால் முன்னறை காலி. ஒரு மூட்டைகூட இல்லை. சாயங்காலம் வர வேண்டிய சித்தப்பா மதியமே வந்து, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து, எல்லா மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், "சீசன் நேரம்ல, டூரிஸ்ட் கூட்டத்துல ஏரிப் பக்கம் வண்டி நகராதாம். அதான் வெரசாவே வந்து ஏத்திட்டுப் போயிட்டாக." சித்தப்பாவின் லாரி அந்நேரம் எந்த வளைவில் இறங்கிக்கொண்டிருந்ததோ. என் கடைசிக் குகை அதில் கிழங்கோடு கிழங்காக ஒட்டன்சத்திரம் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கு முதல் நாலு எழுத்து நினைவிருந்தது. மீதி நாலுக்கு என்னென்னவோ அடித்துப் பார்த்தேன். தவறு என்று ஒரு டைனோசர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டியது. மூட்டையில் எழுதியதை வெளியே சொல்லவும் முடியாது, மார்க் விட்டுப்போனது அப்பாவுக்குத் தெரிந்தால் முதுகுத்தோல் போய்விடும். அண்ணன் என் கையிலிருந்து ரிமோட்டை மெதுவாக உருவினான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பொய் சொல்லாத புள்ள" என்றான். கூட்டாளிகள் முன்னால். அன்று நான் சாப்பிடவில்லை. நான் பொய் சொல்லவில்லை, சொல்லவே இல்லை!

மறுநாள் காலை அம்மா சீனி வாங்கி வரச் சொன்னாள். எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே போன் அந்த மளிகைக் கடையில்தான். சீனி பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்துப் பேசிய கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏத்தா, ஓடிப்போய் ஒங்க அப்பாவ வரச் சொல்லு. ஒட்டன்சத்திரத்துலருந்து, கமிஷன் கடைலருந்து. மூட்டைல ஏதோ வில்லங்கமாம்" என்றார்.

ஓடினேன். அப்பா வந்தார். அப்பாவுக்குப் போனில் பேசுவதென்றால் ஒட்டன்சத்திரம் வரைக்கும் கேட்கும்படி கத்த வேண்டும் என்று எண்ணம்.

"என்னது? வேற மார்க்கா? என் லோடுலயா? எத்தனை எழுத்து? எட்டா? எட்டு எழுத்துல எவன்யா மார்க் போடுறான்? மேகாட்டுக்காரன் வேலையாத்தான் இருக்கும். தண்ணி வாய்க்காலத் திருப்புனது பத்தாதுன்னு இப்ப மூட்டையும் மாத்திட்டானா? இருங்க, இப்பவே போயி அவனக் கேக்குறேன்!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். எனக்குத் தெரியும், அப்பா எங்கள் நிலத்துக்கு மேலே காடு வைத்திருந்த அந்த மேகாட்டுக்காரர் வீட்டுக்குப் போனால் வெறும் பேச்சோடு முடியாது. பொய்க்காரி என்ற பேர் எனக்கு வந்தது போதாதென்று திருடன் என்ற பேர் அந்த மனுஷனுக்கு வர வேண்டுமா? கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அப்பா, அது நான் எழுதுனது."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நன்றாகத் தெரிந்தது. எப்படியும் விழத்தான் போகிறது, அதற்கு முன்னால் ஒன்றைச் செய்துவிட வேண்டும். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, அப்பா கையிலிருந்த போனை வாங்கிவிட்டேன்.

"அண்ணே! அந்த மூட்டைல இருக்குற எழுத்த ஒண்ணொண்ணா வாசிங்கண்ணே!"

"யாரும்மா நீ? இங்க ஏலம் நடந்துக்கிட்டு கெடக்கு..."

"மூட்டைக்காரவுக பொண்ணுண்ணே. வாசிங்க, அது எங்க மூட்டைதான்!"

பின்னால் ஒரே இரைச்சல். யாரோ விலை கூவுகிறார்கள், லாரி ஹாரன் அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே முன்பின் தெரியாத அந்தக் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை என்னுடைய கடைசிக் குகையை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "பி... கே... ஜி... எக்ஸ்..." நான் கடைக்காரர் காதில் செருகியிருந்த பேனாவைப் பிடுங்கிச் சீனிப் பொட்டலத்தின் மேல் எழுதினேன். எட்டும் முடிந்ததும், "இது என்ன மார்க்கும்மா?" என்றார் அவர்.

"குகைக்குப் போற வழிண்ணே" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்பா இன்னும் அங்கேயே நின்றார். அடிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எழுதுனா என்ன வரும்?"

"கடைசிக் குகை வரும்ப்பா."

"அதுக்குள்ள என்ன கெடக்கு?"

"தெரியலப்பா. யாருமே பாத்தது இல்ல."

அப்பா கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மணி ஒம்பதரை. பத்துக்குக் கரண்ட் போயிரும். நட" என்றார். நடந்தார் என்றா சொல்வது? என் அப்பா ஓடினார்! மடித்துக் கட்டிய வேட்டியோடு, கையில் சீனிப் பொட்டலத்தோடு. நான் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணன் முதல் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தான். "அவகிட்ட குடுலே" என்றார் அப்பா. அவன் புரியாமல் கொடுத்தான். அப்பா பொட்டலத்தைத் தூக்கிப் பிடிக்க நான் எட்டு எழுத்தையும் அடித்தேன். டைனோசர் தலையை ஆட்டவில்லை. திரை கறுத்தது. இருண்ட குகை வாய் திறந்தது.

"ஏலே... வந்துருச்சு" என்றான் அண்ணன். யாரிடம் சொன்னானோ தெரியாது. பிறகு என்னைப் பார்க்காமலே, "நீ பொய் சொல்லல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ராத்திரி பட்டினி கிடந்தது சரியாகிப்போனது.

நான் ஆரம்பித்தேன். நடுவில் அவன் மெதுவாகக் கேட்டான், "ரெண்டாவது ரிமோட்ல நானும் வரவா?" வா என்றேன். வந்தான். நான் ஓடினேன், சும்மா சொல்லக் கூடாது, வேண்டுமென்றே ஓடினேன். அவன் முதல் பாறையைத் தாண்டுவதற்குள் திரையின் ஓரம் அவனை இடித்துக் கொன்றது. மறுபடி வந்தான், மறுபடி இடித்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏத்தா, கொஞ்சம் நில்லு. அவனும் வரட்டும்" என்றார் அப்பா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவன் ஓடும்போது நில்லுன்னு யாராச்சும் சொன்னீகளா?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

அண்ணன் கையிலிருந்த ரிமோட்டைக் குனிந்து பார்த்தான். "நீ முன்னாடி போனா நான் என்ன பண்ணுனாலும் சாவுறேன். ஒனக்கு இத்தன நாளா இப்பிடித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

அவனுக்கு ஒரே ஒரு உயிர் பாக்கி. அடுத்த பாறை விளிம்பில் நான் நின்றேன். அவன் மேல் பாசம் பொங்கியெல்லாம் நிற்கவில்லை. எதிரே நின்றது வெறும் எலும்பாலான ஒரு மலை மாதிரி யானை. முன்னாலிருந்து நான் போட்ட அடி எதுவும் அதற்கு உறைக்கவில்லை, அது ஒருத்தரைத் துரத்தும்போது இன்னொருத்தர் பின்னால் போய் அடித்தால்தான் சாகும், எனக்கு ஆள் வேண்டியிருந்தது. அவன் வந்து சேர்ந்தான். நான் இந்தப் பக்கம் ஓட, யானை என் பின்னால் வர, அவன் பின்னாலிருந்து கோடாரியால் போட்டான். அது அவன் பக்கம் திரும்ப, நான் போட்டேன். "தும்பிக்கை! தும்பிக்கையப் பாரு! குனி!" அப்பா எங்களைவிட அதிகமாகக் கத்தினார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அம்மா, "கொல்லுங்க அந்தச் சனியன!" என்றாள். எலும்பு ஒவ்வொன்றாகக் கொட்டியது. நாலு பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

கடைசிப் படத்தில் குகைக்குள் நெருப்பு எரிந்தது. இரண்டு குகை மனிதர்களும் எதிரெதிரே உட்கார்ந்து கறி சுட்டுத் தின்றார்கள். "இந்தத் தடவையாவது பத்திரமா வச்சுக்கச் சொல்லு" என்றாள் அம்மா. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே மணி பத்தாகி, கரண்ட் போய்விட்டது. போனால் போகட்டும் என்று எல்லோரும் இருட்டான டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதற்கு அப்புறம்தான் மார்க் போடாததற்கு அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. மறுபடி கடைக்குப் போய், அந்த மூட்டை தன்னுடையதுதான் என்று ஒட்டன்சத்திரத்துக்குப் போனில் கத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

லீவு முடிகிற வரை முதல் ரிமோட் என்னிடமே இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மூடுபனி, பத்தடி தள்ளி ஒன்றும் தெரியவில்லை. வழக்கம் போல அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏற்றத்தில் போய் மறைந்துவிட்டான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பாதி ஏற்றத்துக்கு வந்தேன். மேலே, வளைவில், பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. அங்கே யாரோ நிற்பது தெரிந்தது. அண்ணன்தான். ஏற்றத்தின் ஓரத்தில் நின்று கீழே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெரசா வா புள்ள, பஸ்ஸு வந்துருச்சு" என்றான். நான் போய்ச் சேரும் வரை அவன் அங்கிருந்து நகரவில்லை.